இரண்டு பாட்டில் தண்ணீர்

ஆம்பூர்
3-2-1963

சம்பூர்ணத்துக்கு,

சௌக்கியமா என்று கேட்டு ஒரு பாராவை வீணாக்கப் போவதில்லை. நீ நர்ஸ். உனக்கு உடம்புக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆஸ்பத்திரியே இருக்கிறது. இங்கே நானும் உன் அண்ணி தனகோடியும் பிள்ளைகள் இரண்டும் நன்றாக இருக்கிறோம்.

நீ ஏற்பாடு செய்த, இங்கிலாந்தில் வேலைக்கு வர அனுமதிக்கும் வவுச்சர் வந்து சேர்ந்தது. லீட்ஸில் தோல் பதனிடும் டேனரிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, முகம் தெரியாத ஒருவனுக்கு வேலை தருகிறோம் என்று அவர்கள் வாயால் சொல்ல வைத்திருக்கிறாய். சின்ன வயசில் கடைக்காரரிடம் கொசுறு கேட்டு வாங்காமல் நகர மாட்டாய். அந்தச் சாமர்த்தியம் அப்படியே இருக்கிறது.

ஆனால் அதே வாரம் இன்னொரு தாளும் வந்தது. நம் தோல் ஷாப்புக்குப் பதனிடும் வாட்டில் பட்டை அனுப்பும் குஜராத்தி சேட்டு ஒருவர் கென்யாவில், நைரோபிக்குப் பக்கத்தில், புதிதாக டேனரி திறக்கிறார். பெரிய மேஸ்திரியாக மூன்று வருஷத்துக்கு என்னைக் கேட்கிறார். குடும்பத்தோடு போகலாம். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் வேண்டுமாம். கடிதம் முதலாளி ஹபீப் சாயபு பேருக்குத்தான் வந்தது. என்னை அனுப்ப அவருக்கு மனசில்லை. இருந்தாலும் அவரே படித்துக் காட்டினார். "போறதுன்னா மேஸ்திரியா போ, செங்கல்வராயா. கூலியாளா போவாதே. அதுக்கு ஆம்பூரே போதும்" என்றார்.

எனக்கும் அந்த ஒன்றுதான் கவலை. பதினெட்டு வருஷத்தில் பத்து வருஷம் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றேன். எட்டு வருஷமாகத்தான் மேஸ்திரி. அந்த எட்டு வருஷத்தை எந்த நாட்டு வாசலிலும் கழற்றி வைக்க என்னால் முடியாது.

இரண்டு நாட்டில் எது நல்ல நாடு என்று எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பார்த்தால் அந்த டேனரியைப் பற்றிச் சொல்லிவிடுவேன். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த சாற்றை நாலு சொட்டு விட வேண்டும். நல்ல தண்ணீர் வெளிறின டீ மாதிரி நிற்கும். இரும்பு கலந்திருந்தால் கறுத்துப் போகும். அதில் பதனிட்ட தோல் திட்டுத் திட்டாகக் கறுக்கும். எந்த மேஸ்திரி வந்தாலும் பேர் கெடும்.

ஆகவே நீ ஒருநாள் அந்த டேனரிக்குப் போ. தோல் ஊறப்போடும் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்பு. ஊர்க் குழாய்த் தண்ணீர் வேண்டாம். சேட்டுக்கும் இதையே எழுதியிருக்கிறேன். இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். நீயும் சிரித்துவிட்டுப் போ, ஆனால் போ.

செங்கல்வராயன்


லீட்ஸ்
14-2-1963

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறையும் தண்ணீர் என்றுதான் இருந்தது.

பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை கேட்பதில்லை. இந்த வவுச்சருக்காக எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் தெரியுமா? ஆறு மாதத்துக்குள் வந்து இறங்காவிட்டால் அது வெறும் காகிதம். நீ என்னவென்றால் பாட்டில் கேட்கிறாய்!

கென்யாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே இந்த வருஷமே சுதந்திரம் வரப் போகிறது என்கிறார்கள். வெள்ளைக்காரர்களும் நம்மவர்களில் பாதிப் பேரும் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். எல்லாரும் இறங்கும் ரயிலில் நீ மட்டும் ஏறுவேன் என்கிறாய். பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, நான் இருக்கிறேன்.

நான் இருக்கிறேன் என்பதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு இங்கே ஐந்து வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை யாராவது என்னைத் தமிழில் திட்டினால்கூடச் சந்தோஷப்படுவேன். நீ பக்கத்தில் வேண்டும் அண்ணா. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

டிசம்பர் கடைசியில் விழுந்த பனி இன்னும் தரையை விட்டுப் போகவில்லை. நீ கேட்கும் தண்ணீரை நான் உளி வைத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும். சரி, எப்படியாவது அனுப்புகிறேன். என் கூட வேலை செய்யும் வஹீதா அடுத்த மாதம் விமானத்தில் வேலூர் திரும்புகிறாள். பாட்டில் அவளோடு வரும். அதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் விவரமாகச் சொல்லப் போவதில்லை. நீயும் ஷாப்பு விஷயம் எதையும் அவளிடம் பேச வேண்டாம்.

சம்பூர்ணம்


ஆம்பூர்
30-3-1963

சம்பூர்ணம்,

ஜெயித்துவிட்டாய்!

வஹீதாம்மா காட்பாடி ஸ்டேஷனில் வைத்துப் பாட்டிலைக் கொடுத்தார்கள். நான் போட்ட சலாமைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை, பயப்படாதே. கென்யா பாட்டில் பட்டை மூட்டைகளோடு ஏற்கனவே வந்திருந்தது. அதன் கழுத்தில் சேட்டு ஒரு சீட்டுக் கட்டியிருந்தார். "எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு ஜாஸ்தி, சோப்பு நுரைக்காது, வழி இருந்தால் சொல்லவும்" என்று தன் குறையைத் தானே எழுதியிருந்தார். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது.

காலை வெளிச்சத்தில் இரண்டு வெள்ளைக் கிண்ணங்களை வைத்து ஊற்றினேன். ஷாப்பே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. ஹபீப் சாயபு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கென்யா தண்ணீரில் நாலு சொட்டு விட்டேன். கறுக்கவில்லை. ஆனால் சாறு திரிந்து கொஞ்சம் அடியில் தங்கியது. அதற்கு மருந்து உண்டு, வேலை ஜாஸ்தி. அப்புறம் உன்னுடையது. என்ன சொல்ல, பளிங்கு! நாலு சொட்டு விட்டேன், எட்டு விட்டேன், அதே வெளிறின டீ நிறம், கறுக்கவே இல்லை. பாலாற்று ஊற்றுத் தண்ணீரைக்கூட அதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். "இந்தத் தண்ணிலே செருப்பை ஊறப் போட்டாலே பஸ்ட் கிளாஸ் தோலாய்டும்பா" என்றார் சாயபு. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆகவே இங்கிலாந்துதான். இப்படிப்பட்ட தண்ணீரைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் வேலை தெரிந்தவனையும் மதிப்பார்கள் என்று நினைக்கிறேன். சேட்டுக்கு மறுப்பு எழுதி முடித்துவிட்டேன். ஷாப்புத் தபாலைப் பார்க்கும் கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை. சாயபு பத்தாம் தேதி மதராஸ் போகும்போது அங்கிருந்து ஏர்மெயிலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். தனகோடி இப்போதே சர்ச் தெரு சவுரியம்மாளிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொள்கிறாள். பின்னியதில் கழுத்து எது, கை எது என்று இன்னும் தெரியவில்லை.

டேனரிக்கு நடந்து போகிற தூரத்தில் எங்களுக்கு ஒரு ஜாகை பார்த்து வை.

செங்கல்வராயன்


தந்தி
லீட்ஸ், 8-4-1963

கென்யாவை மறுக்காதே. கடிதம் வருகிறது. சம்பூர்ணம்


லீட்ஸ்
8-4-1963

அண்ணா,

அது டேனரித் தண்ணீர் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக் குழாயில் பிடித்தது.

பனியின் மேல் பழியைப் போடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பனி இல்லாமலிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். அந்த வாசலில் நின்று, நான் தோல் பதனிடுகிறவனின் தங்கை, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்ல வேண்டுமே என்று கூச்சப்பட்டேன். டேனரிக்குக் கடிதம் எழுதியதெல்லாம் தபாலில்தானே, அதில் முகம் தெரியாது. இங்கே எல்லாரிடமும் என் அண்ணன் ஏற்றுமதி வியாபாரம் செய்கிறான் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். வேலூரில் படிக்கும்போதும் அப்படித்தான். நீ ஹாஸ்டலுக்கு வந்தால் உள்ளே கூப்பிடாமல் கேட்டருகிலேயே பேசி அனுப்புவேன். உன்மேல் ஷாப்பு வாசனை வரும், மற்றப் பெண்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். என்னைப் படிக்க வைத்தவன் நீ.

சனிக்கிழமை உனக்கு ஜாகை பார்க்கத்தான் டேனரிப் பக்கம் முதல் முறையாகப் போனேன். வாசலில் ஒருவர் ஈரத்தோலை வண்டியிலிருந்து தோளில் இறக்கிக்கொண்டிருந்தார். என் புடவையைப் பார்த்ததும், "எந்த ஊரும்மா?" என்றார். அப்துல் கரீம் என்று பேர். பேரணாம்பட்டுக்காரர். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சுமையைக் கீழே போட்டுவிட்டார்.

"பதினாலு வருஷம் தோல் தரம் பிரிச்சவன்மா நானு. இங்க இன்னா பண்றேன் பாத்தியா? தூக்கறேன், எறக்கறேன். நம்மாளுங்க அஞ்சு பேரு இருக்கறோம், அஞ்சு பேருக்கும் இதே வேலைதான். ஒருநாள் குழியாண்ட நின்னு, சாறு பலம் பத்தலைன்னு சொன்னேன். போய் வேலையப் பாருன்னுட்டான். உங்க அண்ணன் மேஸ்திரின்றே. வந்தார்னா தெனமும் பேஜார்தான்."

அவரே உள்ளே போய்க் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார். அண்ணி இருமலுக்கென்று கொடுத்தனுப்பிய கடுக்காய் என்னிடம் இருந்தது. தட்டி ஊறவைத்து நாலு சொட்டு விட்டேன். மையாகக் கறுத்துவிட்டது.

நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். நீ இங்கே வந்து தினமும் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு எனக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம். கென்யாவுக்குப் போ. பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் போ.

சம்பூர்ணம்


ஆம்பூர்
19-4-1963

சம்பூர்ணத்துக்கு,

தந்தி பத்தாம் தேதி காலையில் வந்தது. சாயபு அப்போதுதான் மதராஸ் வண்டிக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. ஜன்னலோடு ஓடிக்கொண்டே, "பாய், அந்தக் கடுதாசியக் குடுங்க!" என்று கத்தினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கையில் கொடுத்தார். உன் கடிதம் வந்த அன்றே சேட்டுக்குச் சம்மதம் என்று தந்தி அடித்துவிட்டேன்.

தண்ணீரை மாற்றியதைப் பற்றி எனக்குக் கோபமில்லை. நான் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அதில் புத்தி மழுங்கிவிட்டது. கடைசியில் உண்மையைச் சொன்னாய்.

மற்றதை என்னால் இப்போது தாங்க முடியவில்லை. ஹாஸ்டல் கேட் எனக்கு நினைவிருக்கிறது. ஆம்பிளைகள் உள்ளே வந்தால் வார்டன் திட்டுவாள் என்று சொன்னாய். நான் நம்பினேன். மற்றப் பெண்களின் அண்ணன்மார் உள்ளே போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் நம்பினேன்.

கப்பல் தேதி தெரிந்ததும் தனகோடி எழுதுவாள்.

செங்கல்வராயன்


லீட்ஸ்
2-12-1963

அண்ணா,

அண்ணி எழுதியதில் நீங்கள் மொம்பாசாவில் இறங்கியதும், வீடு ஓட்டு வீடு என்பதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் தெரிந்தது. நீ எழுதுவதில்லை என்பதும் தெரிந்தது. அண்ணியிடம் கேட்டால், அவருக்கு வேலை ஜாஸ்தி என்று மழுப்புகிறாள்.

இன்னும் பத்து நாளில் அங்கே சுதந்திரம். கூட்டத்தில் போய் நிற்காதே. பத்திரமாக இரு என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதோ என்னவோ, எழுதுகிறேன்.

வஹீதாவுக்கு உன் தொழில் என்னவென்று எழுதிச் சொல்லிவிட்டேன். ஐந்து வருஷப் பொய்யை ஒத்துக்கொள்ள ஐந்து பக்கம் ஆனது. அவள் ஒரே வரியில் பதில் போட்டாள். "காட்பாடியில் உங்க அண்ணன் கையை நீட்டும்போதே பார்த்தேனே, நகமெல்லாம் பட்டைச் சாயம், எங்க மாமாவும் மேஸ்திரிதான்." இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

இங்கே வார்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தைரியம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது.

உன் தங்கை
சம்பூர்ணம்


நைரோபிக்கு அருகே
17-5-1964

சம்பூர்ணம்,

ஒரு வருஷமாக எழுதவில்லை. உன்மேல் இருந்த கோபத்தால் பாதி, எனக்கு வந்த அவமானத்தால் பாதி. முதல் ஆறு குழித் தோலைக் கெடுத்துவிட்டேன் என்று யாருக்கு எழுதுவது?

சுண்ணாம்புத் தண்ணீருக்கு மருந்து தெரியும் என்று பீற்றிக்கொண்டு வந்தேன் அல்லவா? போட்ட மருந்தெல்லாம் போட்டேன். தோல் அட்டை மாதிரி விறைத்து, கருகின நிறத்தில் வெளியே வந்தது. சேட்டு ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை. "தண்ணீரின் குறையை நான்தான் முதலிலேயே சொன்னேனே, மேஸ்திரி. இனி என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்றார். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று தனகோடியிடம் சொன்னேன். "மூட்டையைப் பிரிச்சே இன்னும் முடிக்கல, அதுக்குள்ள இன்னா திரும்பறது?" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு அடுத்த கையாக வேலை பார்ப்பவர் கமாவு. என் வயசுக்காரர். இருவருக்கும் பொதுப் பாஷை கிடையாது, கை ஜாடைதான். மார்ச் கடைசியில் மழை பிடித்தது. இங்கே மழை இரண்டு மாதம் விடாது. கமாவு என்னைக் கூட்டிப்போய்ப் பட்டைக் கிடங்கின் தகரக் கூரையைக் காட்டினார், அப்புறம் காலிக் குழியைக் காட்டினார். எனக்குச் சட்டென்று விளங்கியது. அன்றைக்கே கூரை ஓரம் முழுக்கத் தகரத்தை வளைத்துத் தண்ணீர் ஓடப் பீலி கட்டினோம். மூன்று பெரிய தொட்டி நிறைய மழைத் தண்ணீர். நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். உன் ஆஸ்பத்திரித் தண்ணீர் தோற்றது!

அந்தத் தண்ணீரில் பதனிட்ட தோல் போன வாரம் வெளியே வந்தது. மேசையில் விரித்துக் கையை வைத்தேன். சம்பூர்ணம், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தோலை நான் இறக்கியதில்லை. தண்ணீர் மழையுடையது, யோசனை கமாவுடையது, பதம் என்னுடையது. ஷாப்பில் எல்லாரும் என்னை 'ஃபுண்டி' என்கிறார்கள். வேலை தெரிந்தவன் என்று அர்த்தமாம். இப்போதெல்லாம் சேட்டும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இந்தத் தோல் செப்டம்பரில் லண்டன் ஏலத்துக்கு வருகிறது. தோல் கட்டின்மேல் டேனரியின் பேரோடு என் பேரும் இருக்கும். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல எனக்கு ஆள் கிடையாது. ஏலக் கிடங்கு வாசலில் போய் நின்று யார், என்ன என்று சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு இஷ்டமில்லையென்றால் போகாதே. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

செங்கல்வராயன்


லீட்ஸ்
20-9-1964

அண்ணா,

போனேன். முந்தின நாளே லீவு போட்டேன். எதற்கு லீவு என்று மேட்ரன் கேட்டாள். "என் அண்ணன் பதனிட்ட தோல் லண்டனில் ஏலத்துக்கு வருகிறது, பார்க்கப் போகிறேன்" என்றேன். ஆறு வருஷமாக மறைத்து வைத்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவள், நல்லது, குடை எடுத்துப் போ என்றாள்.

கல்யாணத்துக்குப் போவது போல அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கிடங்கு முழுக்கக் கறுப்புக் கோட்டு ஆண்கள். வாசலில் இருந்தவன், வழி தவறி வந்துவிட்டீர்களா அம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டான். "இல்லை. கென்யா தோலைப் பார்க்க வந்தேன். அதைப் பதனிட்டவர் என் அண்ணன்" என்றேன். என் குரல் கொஞ்சம் பலமாகவே கேட்டது. வேண்டுமென்றேதான் குறைக்கவில்லை.

தரம் பார்க்கும் கிழவர் ஒருவர் என்னை மேசைக்கு அழைத்துப் போனார். உன் தோலை வெளிச்சத்தில் விரித்தார். மடித்துப் பார்த்தார், முகர்ந்தார், கட்டை விரலால் அழுத்தினார். அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி நின்றேன். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் அண்ணன் எங்கே வேலை கற்றார் என்று கேட்டார். ஆம்பூர் என்றேன். தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன், சரியாகத்தான் எழுதினார்.

ஏலத்தில் உன் கட்டு வந்தபோது முதல் குரலே பெரியதாக விழுந்தது. ஒருவர் ஏற்றினார், இன்னொருவர் ஏற்றினார். அதில் ஒருவர் நம் லீட்ஸ் டேனரியின் ஆள் என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார். அவர்களே பதனிடுகிறார்களாம், ஆனால் இந்த மாதிரி தோல் அவர்களால் இறக்க முடியவில்லையாம். அவர் கடைசி வரை விடாமல் கேட்டார், வாங்கியும் விட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு தோல் முதல் தரம். அன்றைய ஏலத்தில் எந்தக் கட்டும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை.

சுத்தி தட்டியதும் அந்தக் கிழவர் எழுந்து என் பக்கம் கையைக் காட்டி, இதைப் பதனிட்டவரின் தங்கை இங்கே இருக்கிறார் என்று ஹாலுக்கே சொன்னார். எல்லாரும் திரும்பினார்கள். முன் வரிசையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நான் அழுதேன். அழகாக அழவில்லை, மூக்கெல்லாம் ஒழுகி அழுதேன்.

இங்கே வந்ததும் அப்துல் கரீம் பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. "தோல் வரட்டும், நானே எறக்கறேன். அப்பறம் அண்ணாவுக்கு எழுது, சேட்டுக்குத் தரம் பிரிக்க ஆள் வேணுமான்னு" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைத் துடைத்து வைத்திருக்கிறார்.

பயந்து பயந்து உன்னைக் கென்யாவுக்குப் போகச் சொன்னேன். இப்போது ஊரெல்லாம் நான்தான் அனுப்பினேன் என்று பீற்றிக்கொள்ளப் போகிறேன், மறுக்காதே. சேட்டுக்குத் தந்தி போகிறது. அதில் விலை மட்டும்தான் இருக்கும், மற்றதை நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தை ரயிலிலேயே எழுத ஆரம்பித்தேன். கமாவுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
தோல் மேஸ்திரி செங்கல்வராயன் தங்கை
சம்பூர்ணம்